கௌதாரியும் ஒரு சென்ட் நிலமும்

"பறவைகளைக் காப்பாத்துங்க"ன்னு ஒரு விவசாயிகிட்ட சொல்றது ரொம்ப சுலபம். அதுக்கு ஆகுற செலவு யார் தலையிலன்னு கேட்டா மட்டும் எல்லாரும் வானத்தைப் பார்ப்போம். என் கருத்து ரொம்ப எளிமையானது. வயல்ல பறவைக்கு இடம் விடச் சொல்லிப் பேசப் போறவங்க பறவைப் புத்தகத்தோட போகக் கூடாது. கணக்கு நோட்டோட போகணும். அதுவும் நம்ம நோட்டு இல்ல, விவசாயியோட நோட்டு.

என்னடா பி.காம் படிக்கிறவன் பறவையைப் பத்திப் பேசுறானேன்னு நினைக்காதீங்க. பி.காம் படிக்கிறதாலதான் பேசுறேன் :-)

எனக்கு ஊர் ஸ்ரீமுஷ்ணம். விருத்தாசலம்னா பீங்கான், ஸ்ரீமுஷ்ணம்னா பூவராகர் கோயில். வெளியூர்க்காரங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். ஊரை விட்டு நாலு பக்கமும் போனா கரும்பு, நெல், மல்லாட்டை, முந்திரி. (மல்லாட்டைன்னா வேர்க்கடலைங்க. தெக்கத்தி வகுப்புத் தோழர்கள் ஒவ்வொரு தடவையும் கேக்குறாங்க, அதான் முன்னாடியே சொல்லிட்டேன்.) இந்தக் கொல்லைகள்ல இருக்குற ரெண்டு பறவைகளைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. ஒண்ணு கௌதாரி, இன்னொண்ணு காடை.

நம்ம கரையோட பேரைச் சுமக்குற பறவைகள்

வெள்ளைக்காரங்க இதுங்களை வேட்டைப் பறவைன்னு வகை பிரிச்சாங்க. வேட்டையாடுற பறவைன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க, வேட்டையாடப்படுற பறவை. ஹியூமும் மார்ஷலும் சேர்ந்து 1879ல ஆரம்பிச்சு 1881 வரைக்கும் மூணு தொகுதியா இந்திய வேட்டைப் பறவைகளைப் பத்திப் புத்தகமே போட்டிருக்காங்க. கௌதாரி, காடை, காட்டுக்கோழி எல்லாம் அந்தக் கூட்டத்துல வரும்.

நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்றேன். கௌதாரியோட அறிவியல் பேர்ல ரெண்டாவது பாதி 'பாண்டிசெரியானஸ்'. அதாவது நம்ம பாண்டிச்சேரி! 1789ல க்மெலின்ங்கிற ஜெர்மானியர் வச்ச பேர். மழைக்காடைக்கும் அதே ஆள் அதே வருஷம் பேர் வச்சிருக்கார். அது 'கோரமண்டெலிகா', நம்ம சோழமண்டலக் கரை. உலகத்துல எங்க இந்தப் பறவைகளைப் பத்தி எழுதினாலும் நம்ம பக்கத்துப் பேரைச் சொல்லித்தான் ஆகணும். நமக்குத்தான் அது தெரியறதில்ல.

நம்மள்ல பல பேருக்குக் காடைன்னா பிரியாணிக் கடைப் பலகைதான் ஞாபகம் வரும். அந்தக் காடை பண்ணையில வளர்க்குற ஜப்பானியக் காடை. அதை வளர்க்கலாம், விக்கலாம், சாப்பிடலாம். கொல்லையில திரியுற காடையும் கௌதாரியும் வேற. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதுங்களைப் பிடிக்கிறது குற்றம். கண்ணி வைக்கிறதும் முட்டையை எடுக்கிறதும் கூட அந்தச் சட்டத்துல வேட்டைதான்.

அதுக்கு என்ன வேணும்?

பெருசா ஒண்ணும் இல்ல. மூணு விஷயம்.

1. முட்டை வைக்க மறைவான புல். கௌதாரி மரத்துல கூடு கட்டாது. தரையில புல்லுக்கடியிலயோ புதருக்கடியிலயோ லேசா பள்ளம் பண்ணி ஆறேழு முட்டை வைக்கும். முக்கியமான இனப்பெருக்கக் காலம் ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரை, நம்ம கணக்குல சித்திரை முதல் புரட்டாசி வரைன்னு வச்சுக்குங்க. அடைகாக்க ஏறக்குறைய மூணு வாரம்.

2. குஞ்சுக்குப் பூச்சி. பெரிய பறவை தானியம், களை விதை, கரையான், வண்டு எல்லாம் தின்னும். ஆனா பொறிச்ச குஞ்சு வளரணும்னா பூச்சி வேணும். பூச்சி இருக்கணும்னா கொஞ்சம் களை இருக்கணும்.

3. ராத்திரி அடையவும், பருந்து வந்தா ஓடி ஒளியவும் முள்ளுப் புதர்.

முன்னாடி இந்த மூணும் எங்க இருந்துச்சு? வரப்புல, உயிர்வேலியில, தரிசுல. யாரும் கௌதாரிக்குன்னு விட்டு வைக்கல. மாட்டுக்குப் புல் வேணும்னு வரப்பு இருந்துச்சு. கம்பிக்குக் காசு இல்லைன்னு கள்ளியும் கிளுவையும் நொச்சியும் வேலியா இருந்துச்சு. ஏர் மாடு குறைஞ்சு டிராக்டர் வந்தப்போ வரப்பு இளைச்சுது. உயிர்வேலி இருந்த இடத்துல கல்லுக்கால் நட்டுக் கம்பி வந்துச்சு. களை எடுக்க ஆள் கிடைக்காததால களைக்கொல்லி வந்துச்சு. இதுல ஒண்ணுகூட தப்பான முடிவுன்னு என்னால சொல்ல முடியாது. ஒவ்வொண்ணும் அந்தந்த வருஷத்துக் கணக்குல சரியான முடிவுதான். எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தா கௌதாரிக்கு நிக்க இடம் இல்ல, அவ்வளவுதான்.

இங்கிலாந்துக்காரன் ஏன் இடம் விடுறான்?

இதே கதை இங்கிலாந்துல நமக்கு முன்னாடியே நடந்துடுச்சு. அங்க சாம்பல் கௌதாரின்னு நம்ம கௌதாரிக்குத் தூரத்துச் சொந்தம் ஒண்ணு இருக்கு. 1960கள்ல இருந்து இப்ப வரைக்கும் அது 90 சதவீதத்துக்கு மேல குறைஞ்சு போச்சு. டிக் பாட்ஸ்னு ஒருத்தர் 1968ல சசெக்ஸ் பக்கம் வயல்கள்ல பூச்சி, களை, கௌதாரி மூணையும் வருஷா வருஷம் கணக்கெடுக்க ஆரம்பிச்சார். அவர் காட்டின முக்கியமான காரணம் இதுதான்: களைக்கொல்லியால களை போச்சு, களையோட பூச்சி போச்சு, பூச்சி இல்லாம குஞ்சு செத்துச்சு. மருந்து நேரா பறவையைக் கொல்லல. அதோட சாப்பாட்டைக் கொன்னுடுச்சு.

அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வைத்தியம் ரொம்ப சின்னது. கோதுமை வயல்ல வெளி ஓரம் ஆறு மீட்டர் போல மட்டும் மருந்தைக் குறைச்சுக்கிறது. பெரிய வயலுக்கு நடுவுல மண்ணை உயர்த்திப் புல் வளர விடுறது, அதாவது நம்ம வரப்புதான்! வரப்பை எல்லாம் அழிச்சுட்டு அப்புறம் ஆராய்ச்சி பண்ணி 'வண்டு மேடு'ன்னு புதுப் பேர் வச்சுத் திரும்பக் கொண்டு வந்தாங்க :-)

இதைப் படிச்சுட்டு "பார்த்தீங்களா, அங்க விவசாயிக்கு எவ்வளவு பொறுப்பு"ன்னு சிலர் சொல்லுவாங்க. அவசரப்படாதீங்க. அங்க நிலத்துக்காரருக்கு அந்தப் பறவையால வருமானம் உண்டு. வேட்டைக்கு வர்றவங்க பணம் கட்டுவாங்க. அதுக்கு மேல அரசாங்கமும் இந்த மாதிரி ஓரங்களுக்குப் பணம் கொடுக்குது. அமெரிக்காவுலயும் அப்படித்தான். 1985 வேளாண் சட்டத்துல நிலத்தைப் புல்லா விடுறதுக்கு வாடகை கொடுக்குற திட்டம் வந்துச்சு. 2004ல காடைக்காகவே வயல் ஓரத்தைப் பயிர் வைக்காம விடுறதுக்குத் தனியா ஒரு பிரிவு சேர்த்தாங்க. விவசாயி ஓரத்தை விட்டான், பணம் வாங்கினான். கணக்கு நேரா முடிஞ்சுது.

நம்ம ஊருக்கு வாங்க. வேட்டை கிடையாது. இருக்கவும் வேண்டாம், நான் அதைத் திரும்பக் கொண்டு வரச் சொல்லவே இல்ல. ஆனா அக்கவுண்டன்சி வகுப்புல சொல்லித் தர்ற மாதிரி இதை எழுதிப் பாருங்க. கௌதாரி விவசாயியோட சொத்துப் பக்கத்துல வராது, அது அவருக்குச் சொந்தம் இல்ல. வருமானப் பக்கத்துலயும் வராது. புல் விட்டா, வேலி விட்டா, களையைக் கொஞ்சம் விட்டா செலவுப் பக்கத்துல மட்டும் வரும். ஒரு பொருளால வரவே கிடையாது, செலவு மட்டும்தான்னா எந்த வியாபாரி அதைக் கடையில வச்சிருப்பான்? விவசாயியை மட்டும் ஏன் எதிர்பார்க்குறோம்?

பேசிப் பார்த்ததுல கிடைச்சது

லீவு நாட்கள்ல ஊருக்குப் போறப்போ தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்கன்னு அஞ்சாறு பேர்கிட்ட இதைப் பத்திப் பேச்சுக் கொடுத்தேன். ஆராய்ச்சின்னு எல்லாம் சொல்ல முடியாது, டீக்கடை பேச்சுதான்.

முதல் பதில் எல்லார்கிட்டயும் ஒண்ணுதான். "கௌதாரியா? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும் தம்பி. மயிலுக்கு ஒரு வழி சொல்லு." அதுக்கடுத்து காட்டுப்பன்றி. பூமியைத் தூக்கிக் காப்பாத்தின வராகப் பெருமாள் ஊர்லயே பன்றி மல்லாட்டைக் கொல்லையைப் புரட்டிப் போடுதுன்னா என்ன பண்றதுன்னு ஒரு மாமா கேட்டார். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார், ஆனா அதுல வலி இருந்துச்சு. இந்தக் கோபத்தை முழுசாக் கேக்காம கௌதாரிப் பேச்சை எடுக்கவே முடியாது. விவசாயியைப் பொறுத்தவரைக்கும் "பறவையைக் காப்பாத்து"ன்னா "மயிலை மேய விடு"ன்னுதான் காதுல விழும்.

ரெண்டாவது பதில், பாம்பும் எலியும். "வரப்புல புல்லு மண்டினா பாம்பு வரும், எலி வளை போடும், ராத்திரி மோட்டார் போடப் போறவன் நீயா நானா?" இது வெறும் சாக்கு இல்ல. நெல் வயல்ல வரப்பைச் சின்னதா, சுத்தமா வைக்கணும்னு வேளாண்மைக்காரங்களே எலிக்காகத்தான் சொல்றாங்க.

மூணாவது பதில்தான் என்னை யோசிக்க வச்சுது. "நிலம் என்னுதா தம்பி? வருஷக் குத்தகை. நான் வேலி வச்சு வளர்த்தா அடுத்த வருஷம் எவன் அனுபவிக்கிறானோ." இது சுத்தமான இகனாமிக்ஸ். வேலி வளர நாலஞ்சு வருஷம் ஆகும், குத்தகை ஒரு வருஷம். நிலத்துக்காரர் சென்னையில இருப்பார். அவர்கிட்ட யாரும் கௌதாரியைப் பத்திப் பேசப் போறதில்ல. பேச வேண்டிய ஆள் சில சமயம் கொல்லையில இல்ல, வேளச்சேரி அபார்ட்மெண்ட்ல இருக்கார்.

ஒரு ஆயா மட்டும் வேற மாதிரி சொன்னாங்க. களை வெட்டுறப்போ கூடு கண்ணுல பட்டா அந்த இடத்தை மட்டும் விட்டுட்டுத் தாண்டி வெட்டுவாங்களாம். "முட்டை மேல மம்முட்டி போட மனசு வருமா?" ஆயா கைக்களை எடுத்த காலத்துல அந்த மனசுக்கு வேலை இருந்துச்சு. ரொட்டவேட்டர் மேல உக்காந்திருக்குறவர் கண்ணுக்குக் கூடே தெரியாது. அதனால "மக்களுக்கு மனசு மாறிப் போச்சு"ன்னு பேசுறதுல எனக்கு நம்பிக்கை இல்ல. கருவி மாறிப் போச்சு.

தமிழ்நாட்டுலயே ஒரு உதாரணம்

காங்கேயம் பக்கம் 'கொறங்காடு'ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. விவசாயிக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப்புல், நடு நடுவுல வெள்வேல மரம், சுத்தியும் கிளுவை வேலி. கௌதாரிக்குன்னு ஒரு இடத்தை வடிவமைக்கச் சொன்னா யாரா இருந்தாலும் இதைத்தான் வரைவாங்க. புல் இருக்கு, முள் இருக்கு, பூச்சி இருக்கு, மருந்து இல்ல. ஆனா அங்க யாரும் இதைப் பறவைக்காகப் பண்ணல. காங்கேயம் மாட்டுக்காகப் பண்ணாங்க. மாடு வருமானம் தந்த வரைக்கும் நிலம் நின்னுச்சு, அந்த நிழல்ல கௌதாரியும் நின்னுச்சு. மாட்டுல வருமானம் குறைஞ்சு, மனை விலை ஏறினா கொறங்காடு என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

பறவைக்கு நேராவே பணம் கொடுத்த உதாரணமும் பக்கத்துலயே இருக்கு. கர்நாடகாவுல கொக்கரெ பெள்ளூர். அங்க கூழைக்கடாக்களும் நாரைகளும் ஊருக்குள்ள இருக்குற புளிய மரங்கள்ல கூடு கட்டும். கூடு இருக்குறப்போ புளி உலுக்க முடியாது, நஷ்டம். அதுக்காக மரத்துச் சொந்தக்காரங்களுக்கு வனத்துறை ஈட்டுத்தொகை கொடுத்தது. நீர்ப்பறவைக்குச் செய்ய முடிஞ்சதைத் தரைப்பறவைக்கும் செய்ய முடியும். யாரும் கேக்கல, அதான்.

சரி, என்னதான் கேக்கணும்?

இப்ப ஒரு கணக்கு போடலாம். சதுரமா ஒரு ஏக்கர்னு வச்சுக்குங்க. ஒரு பக்கம் சுமார் 209 அடி. அந்த ஒரு பக்கத்துல ரெண்டடி அகலம் விட்டா 418 சதுர அடி. ஒரு சென்ட்ங்கிறது 435.6 சதுர அடி. அதாவது ஏக்கருக்கு ஒரு சென்ட்டுக்கும் கொஞ்சம் கம்மி, நூத்துல ஒரு பங்கு. பத்து மூட்டை மல்லாட்டை விளையுற நிலம்னா ஒரு மூட்டையில பத்துல ஒரு பங்கு போகும். ஓரத்துல விளைச்சல் எப்பவும் கொஞ்சம் மட்டம்தான், அதனால உண்மையான நஷ்டம் அதைவிடக் கம்மியாத்தான் இருக்கும். ஏற்கனவே இருக்குற வரப்பையே விட்டு வச்சா நஷ்டமே கிடையாது.

இந்தக் கணக்கை வச்சுக்கிட்டு ரெண்டு பட்டியல் போடலாம்.

முதல் பட்டியல், காசு ஆகாதது. இதை விவசாயிகிட்டயே கேக்கலாம்:

- ஆடிப்பட்டத்துக்கு முன்னாடி நாலு வரப்பையும் ஒண்ணாச் செதுக்காம, இந்த வருஷம் ரெண்டு, அடுத்த வருஷம் ரெண்டுன்னு மாத்திக்கிறது. முடிஞ்சா அந்த வேலையைத் தை மாசிக்குத் தள்ளிப் போடுறது.
- நெல் வரப்பும், நடக்குற வரப்பும், மோட்டார் கொட்டகைப் பக்கமும் வேண்டவே வேண்டாம். கொல்லையோட கடைசி ஓரம் போதும். பாம்பு, எலி பயத்துக்கு இதுதான் பதில்.
- கரும்பு வெட்டின பிறகு சோகையைக் கொளுத்தாம பார்ல மூடாக்காப் போடுறது. ஈரம் காக்கும்னு வேளாண்மைத் துறை ஏற்கனவே சொல்றதுதான், பறவை இதுல சும்மா ஒட்டிக்கும்.

ரெண்டாவது பட்டியல், காசு ஆகுறது. உயிர்வேலியை எடுக்காம வச்சிருக்குறது, ஓரத்துல மருந்தடிக்காம விடுறது, கொஞ்சம் தரிசை அப்படியே விடுறது. இதை விவசாயிகிட்ட இலவசமாக் கேக்க நமக்கு உரிமை இல்ல. கேக்க வேண்டியது அரசாங்கத்துகிட்டயும் நம்மகிட்டயும். சொட்டு நீருக்கு மானியம் கொடுக்க முடியுற அரசாங்கம் அடி கணக்குல உயிர்வேலிக்கும் கொடுக்கலாம். குத்தகை நிலமா இருந்தா வேலிப் பணம் நிலத்துக்காரருக்கும், மருந்தடிக்காத ஓரத்துக்கான பணம் பயிர் வைக்கிறவருக்கும்னு பிரிச்சுக் கொடுத்தாத்தான் சரிப்படும்.

இன்னொண்ணு, எண்ணுறதை விவசாயிகிட்டயே விட்டுடணும். இங்கிலாந்துல 2014ல இருந்து வருஷா வருஷம் விவசாயிகளே தங்களோட வயல்ல அரை மணி நேரம் நின்னு பறவை எண்ணுறாங்க. நம்ம ஊர்லயும் 2015ல இருந்து பொங்கல் சமயத்துல பறவை எண்ணிக்கை நடக்குது. பெரும்பாலும் கேமரா வச்சிருக்குறவங்கதான் எண்ணுறாங்க. கொல்லையில பொறந்து வளர்ந்த ஆளைவிட நல்லா யாருக்குக் கௌதாரி இருக்குற இடம் தெரியும்? 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு குழு அமைச்சு, ஊர்ல இருக்குற உயிரினங்களைப் பதிவேட்டுல எழுதணும். அந்தப் பதிவேட்டுல "எங்க கொல்லையில ரெண்டு ஜோடி"ன்னு ஒரு விவசாயி சொல்லி எழுதினா, அந்த ரெண்டு ஜோடிக்கு முதல் தடவையா ஒரு கணக்கு வரும். கணக்குல வந்த பொருளைத்தான் யாரும் பார்த்துக்குவாங்க.

"கண்ணி வைக்கிறவனைப் பிடிச்சாப் போதாதா?"

போதாது. கண்ணி வைக்கிறது குற்றம்தான், அதைத் தடுக்கணும். ஆனா பொதுவா அதுல மாட்டுறவன் நம்மள்ல ரொம்ப ஏழையா இருப்பான். கௌதாரிக் கறி தேடிக் கார்ல வந்து வாங்குறவன் மாட்டவே மாட்டான். தவிர, புல்லும் வேலியும் இல்லாத கொல்லையில கண்ணியே வைக்க வேண்டாம், பறவை தானாக் காணாமப் போகும். முட்டை வைக்க இடம் இருந்தா, சில பறவை கண்ணியில போனாலும் மிச்சம் தேறி வரும். இடமே இல்லைன்னா எத்தனை பேரை ஜெயில்ல போட்டும் பிரயோஜனம் இல்ல.

"விவசாயியே கஷ்டத்துல இருக்கான், இப்பப் போய் கௌதாரியா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அதனாலதான் அவர் பையில கை வைக்காத பட்டியலை முதல்ல வச்சேன். ரெண்டாவது பட்டியல் நிறைவேறினா அவருக்கு ஒரு சின்ன வரவும் கூட. நாம அந்த வரவைக் கேட்டு வாங்கித் தராம, அவர் மனசை மட்டும் மாத்தப் பார்த்தா அது பிரச்சாரம்தான், பேச்சுவார்த்தை இல்ல.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போறவங்க ஒரு காரியம் பண்ணுங்க. காலையில ஒரு கால் மணி நேரம் கொல்லைப் பக்கம் நில்லுங்க. "கதீத்தர், கதீத்தர்"னு தொடர்ச்சியா ஒரு சத்தம் கேட்டா அது கௌதாரி. அப்புறம் அங்க வேலை செய்யுறவங்க யார்கிட்டயாவது, இந்த வருஷம் எந்த வரப்புல கூடு பார்த்தீங்கன்னு கேளுங்க. அறிவுரை எதுவும் சொல்ல வேண்டாம். அவங்க சொல்றதை எழுதிக்கிட்டு வாங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கும் சொல்லுங்க.